தறியில் பிறந்த பிரேக் லைனிங்

அலவாய்மலையின் அருகே, இராசிபுரம் வட்டத்தில் உள்ள பேரூராட்சியான வெண்ணந்தூர் தறிக்குப் பெயர் பெற்றது. அதைச் சூழ்ந்துள்ள சேலம், நாமக்கல் சமவெளியோ லாரிக்குப் பெயர் பெற்றது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், சங்ககிரியில் சரக்கு லாரிகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் பெருகிய வரலாறு பலரால் எழுதப்பட்டுள்ளது. அவ்வண்டிகளை நிறுத்திவைக்கும் பொருளின் வரலாற்றை எழுதியவர் குறைவு. அந்தப் பொருளும் தறியில் நெய்த துணியாகவே பிறந்தது என்பதால், நெசவாளர் ஊரிலிருந்து அதைப் பார்ப்பது பொருத்தமற்றதன்று.

சமவெளியில் ஓடிய மாட்டுவண்டிக்குத் தனி பிரேக் பெரும்பாலும் தேவைப்படவில்லை. மூக்கணாங்கயிற்றை இழுத்தால் மாடு நிற்கும், மாடு நின்றால் வண்டி நிற்கும். மலைச்சரிவு மிகுந்த நாடுகளில் இது போதவில்லை. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் வண்டிக்காரர்கள் பழைய காலணித் தோலைச் சக்கரத்தோடு உரசவிட்டு வேகத்தைக் குறைத்ததைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், 1897 முதல் அதற்கு ஈடான பொருளைத் தேடத் தொடங்கினார் என்று கூறப்படுகிறது. அவர் நிறுவிய ஃபெரோடோ நிறுவனத்தின் தொடக்ககால லைனிங், அதாவது பிரேக்கின் உரசும் பரப்பில் பொருத்தப்படும் பட்டை, பருத்தி போன்ற இழைகளை நெய்து பிசின் ஊட்டியதாகும். பருத்தி சூட்டில் கருகியதால், தீப்பிடிக்காத கனிம இழையான கல்நார் அதன் இடத்தைப் பிடித்தது. கல்நார் நூலோடு பித்தளைக் கம்பியையும் சேர்த்து நெய்யும் வழக்கமும் வந்தது. நெய்வதற்குப் பதிலாக அச்சில் அழுத்தி வார்க்கும் முறை பரவிய பின்னரே லைனிங்குக்கும் தறிக்கும் இருந்த உறவு அறுந்தது.

தமிழ்நாட்டில் இத்தொழில் சென்னையை அடுத்த பாடி, அம்பத்தூர்ப் பகுதியில் வேரூன்றியது. பிரேக்ஸ் இந்தியா, காற்றழுத்த பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டன் ஆகியவை 1962இலும், ரானே பிரேக் லைனிங் 1964இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இலும் தொடங்கப்பட்டன. பொருள் அங்கே உருவானாலும், அது தேய்ந்ததும் மாற்றும் கைவேலை லாரிகள் நிற்கும் ஊர்களிலேயே வளர்ந்தது. பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம் எனப்படும் வார்ப்பிரும்பு உருளையை வெளியே எடுத்து, அதனுள் பிறை வடிவில் இருக்கும் பிரேக் ஷூவிலிருந்து பழைய ரிவிட்டுகளைத் தட்டி நீக்கி, புதிய லைனிங்கைப் பதிப்பதே அவ்வேலை. நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளையும் நோக்கி ரிவிட் அடித்துக்கொண்டு போக வேண்டும். முனைகளில் முதலில் அடித்துவிட்டால் நடுப்பகுதி ஷூவோடு ஒட்டாமல் மேலெழும். லைனிங் ரிவிட்டின் தலைவரை தேய்ந்த வண்டியில் உலோகம் டிரம்மைக் கீறியிருக்கும் என்பதால், டிரம்மையும் கடைசல் பட்டறைக்கு அனுப்ப நேரும்.

நாமக்கல்லிலிருந்து வடக்கே சென்று திரும்பும் வண்டிகளுக்கு இவ்வேலையின் தரம் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயில் தெரியவரும். டீசலை மிச்சப்படுத்தக் கியரை நியூட்ரலில் போட்டு இறங்கும்போது எஞ்சினின் தடை இல்லாமல் போய், முழுச்சுமையும் லைனிங் மீது விழுகிறது. அளவு மீறிச் சூடேறிய லைனிங் உராய்வை இழக்க, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்பதில்லை. ஓட்டுநர் மீது மட்டும் பழி போடுவோர் இந்த இயற்பியலைக் கருதுவதில்லை.

திறந்த தட்டை இரு பக்கமும் கவ்வும் டிஸ்க் பிரேக் சூட்டை விரைவில் வெளியேற்றும். 1902இல் லான்செஸ்டர் என்ற பொறியாளர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், 1953இல் லெ மான் கார்ப் பந்தயத்தில் அது பொருத்திய ஜாகுவார் வென்ற பின்னரே அது பெரும் மதிப்புப் பெற்றது. இன்று மேடுபள்ளங்களில் ஓடும் நாற்சக்கர ஏ.டி.வி. வண்டிகளின் பின்சக்கரத்துக்கும் பெரும்பாலும் இதுவே. அதில் ரிவிட் வேலை இல்லை, கேலிப்பர் என்னும் கவ்வியின் பிஸ்டனைப் பின்தள்ளிப் பேடு எனப்படும் புதிய உரசுபட்டைகளைச் செருகினால் போதும்.

கல்நாரின் கதை அவ்வளவு எளிதில் முடியவில்லை. அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது 1920களிலேயே பிரிட்டனில் மருத்துவ ஏடுகளில் பதிவாகி, அந்நாட்டில் 1999இல் முழுத்தடை வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் காப்பு பற்றித் தீர்ப்பு அளித்தபோதும், பொருளுக்கு முழுத்தடை விதிக்கப்படவில்லை. ஆகவே லைனிங்கோ பேடோ வாங்குவோர் கல்நார் அற்றது என்ற குறிப்பு அட்டையில் உள்ளதா என்று பார்த்து வாங்குக. பட்டறையில் டிரம்மைக் காற்றுக்குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுக.