வண்டியில் கேட்கும் பிரசங்கம்

கொல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி நதிக்கரையை ஒட்டி அமைந்திருக்கிறது கார்டன் ரீச். தென்னாட்டார் பலருக்கு இப்பெயர் ரயில்வேயின் வாயிலாகவே அறிமுகம். பழைய வங்காள நாகபுரி ரயில்வேயின் தலைமை அலுவலகம் இங்கிருந்தது. 1955-இல் அது தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமாயிற்று. காலை வேளையில் இப்பகுதிக்கு வரும் பஸ்களில், செவியில் சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு, பதிவு செய்த சொற்பொழிவைக் கேட்டபடி வருவோரை இன்று காணலாம். நேற்று முளைத்த பழக்கம் என்று தோன்றும். ஆனால் இதன் இரண்டு வேர்களும் இந்நகரில் ஒரே ஆண்டில் ஊன்றியவை.

1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து, கார்டன் ரீச்சுக்கு அண்டையிலுள்ள கிதிர்பூர் வரை கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் ஓடிற்று. அவ்வாண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் இங்கு வந்து, இந்திய மண்ணில் அக்கம்பெனியின் முதற் பதிவுகளைச் செய்தார். பாடியவர்களுள் புகழ் மிக்கவர் கௌஹர் ஜான். பாட்டின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறுவது தட்டிலே கேட்கிறது. தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தயாராயின. அங்குள்ளோர் பாடகியை அடையாளம் காண்பதற்காகவே இந்த ஏற்பாடு என்பர். எனவே பாட்டோடு பேச்சும் அன்றே தட்டில் ஏறிவிட்டது.

இங்கே சற்று விலகி ஒன்று சொல்ல வேண்டும். அரசிழந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் வந்து குடியேறியது கார்டன் ரீச்சின் மட்டியாபுருஜில்தான். இசைவாணர் பலரை ஆதரித்த அவர் 1887-இல் மறைந்தார். எடிசன் தமது பேசும் கருவியை அமைத்து அப்போது ஏறத்தாழப் பத்தாண்டு ஆகியிருந்தது. ஆயினும் நவாபின் குரல் நமக்குக் கிட்டவில்லை.

வண்டியும் குரலும் ஒரே ஆண்டில் வந்தும், ஒன்றோடொன்று சேர 77 ஆண்டுகள் ஆயின. காரணம் எளிது. பழைய தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷமே ஓடும். ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்குப் பத்துத் தட்டுகள் வேண்டும். டிராமின் குலுக்கலில் ஊசி ஒரு கணமேனும் நிலைகொள்ளுமா?

வானொலி அக்குறையை ஒருவாறு போக்கிற்று. கல்கத்தா நிலையம் 1927 ஆகஸ்டிலும், அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும் தொடங்கின. மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராக இந்நகரில் வாழ்ந்த ராஜாஜியே, 1955-இல் சர்தார் படேல் நினைவுச் சொற்பொழிவு வரிசையைத் தொடங்கிவைத்தார். ஆனால் வானொலி தன் நேரத்தில் பேசும். நாம் அந்நேரத்தில் அலுவலகத்திலோ வண்டியிலோ இருப்போம். தவறவிட்டவருக்கு அச்சிட்ட பிரசுரமே புகல்.

பதிவு செய்த நூலை நெடுநேரம் கேட்கும் பேறு முதலில் பார்வையற்றோருக்கே கிட்டியது. அமெரிக்காவில் 1934-இலும் பிரிட்டனில் 1935-இலும் அவர்களுக்கெனப் பேசும் நூல்கள் தட்டுகளாக வழங்கப்பெற்றன. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் காஸெட் வந்தது. 1979-இல் ஸோனியின் வாக்மன் அதை நடப்பவன் இடுப்பில் தொங்கவிட்டது.

தமிழர் இதற்கு முன்பே ஆயத்தமாயிருந்தனர் எனலாம். 'பராசக்தி' வசனத்தை இசைத்தட்டில் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் அல்லவா நாம்! காஸெட் வந்ததும் கிருபானந்த வாரியார், புலவர் கீரன் ஆகியோரின் சொற்பொழிவுகள் வீடுதோறும் புகுந்தன. அந்நாளில் ஹௌராவுக்கு வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸில் அப்பளக் கட்டோடு இவையும் வந்தன. நாள் முழுதும் கோப்புகளில் மொழிபெயர்ப்பு வாக்கியங்களோடு போராடும் என் போன்றோர்க்கு, வாரியாரின் ஒரு மணி நேரத் தமிழ், வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே மூச்சு விடவேண்டும் என்பதை நினைவூட்டும். பிள்ளைகளுக்கோ வீட்டுக்கு வெளியே தமிழைக் கேட்கும் வழி இது ஒன்றே.

நஷ்டமும் உண்டு. எனக்குத் தெரிந்த வங்காளியில் பாதி, டிராம் கண்டக்டரும் பயணிகளும் சண்டையிட்டுக் கற்றுக்கொடுத்தது. செவியை அடைத்துக்கொண்டவனுக்கு அந்த இலவசப் பள்ளி மூடியே கிடக்கும். அந்தக் கிதிர்பூர் டிராமும் 2020 மே மாத அம்பன் புயலுக்குப் பின் நின்றுவிட்டது.

புயல் வேண்டாம், நதிக்கரை ஈரமே ஒலிநாடாவுக்குப் போதிய பகை. பெட்டியில் கிடக்கும் காஸெட்டுகளில் வெண்பூஞ்சை படர்கிறது. ஓட்டும் கருவியும் அரிதாகிவிட்டது. உள்ளூர்த் தமிழ் விழாக்களில் எவரேனும் பதிவு செய்த பேச்சுகள் சிலவற்றுக்கு வேறு பிரதி இராது. அத்தகைய நாடா வைத்திருப்போர், நாடாவை நிழலில் உலர்த்தி, பூஞ்சையை மெல்லத் துடைத்து, ஓடும் நிலையில் உள்ள கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து, இவ்வாண்டு மழைக்கு முன்பே கணினியில் ஏற்றிவிடலாம்.