கல்லறை இல்லாதோரின் குடும்ப வரலாறு: காட்டுப்பள்ளியிலிருந்து சில வழிகாட்டுக் குறிப்புகள்

காட்டுப்பள்ளியிலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் பழவேற்காடு வருகிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய ஊர் அது. கோட்டை இன்று இடிபாடாகக் கிடக்கிறது. ஆனால் அவர்களின் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நூற்றாண்டுகளுக்கு முன் இறந்த வணிகர்கள், அதிகாரிகள் ஆகியோரின் பெயர்களையும் இறந்த நாள்களையும் அங்குள்ள கற்களில் இன்றும் வாசிக்கலாம். அதே துறையிலிருந்து, பஞ்சக் காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்டு பட்டேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட மக்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

இந்த வேறுபாடு இன்றைய நீதிமன்றம் வரை வந்து நிற்கிறது. எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நிலம் காட்டுப்பள்ளி. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதன்பின் கப்பல் கட்டும் தளமும் இன்னொரு துறைமுகமும் வந்தன. காட்டுப்பள்ளிக் குப்பம் இடம்பெயர்ந்தது. இடம்பெயரும் ஊர் பாத்திரம் பண்டங்களை எடுத்துச் செல்லலாம். இடுகாட்டை எடுத்துச் செல்ல முடியாது. நிலத்தின் விலை ஏறும் இடங்களிலெல்லாம் சேரி மக்களிடமும் இருளர்களிடமும் மீனவர்களிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: உன் பாட்டன் யார், அதற்கு ஆதாரம் என்ன? பட்டா, வாரிசுரிமை, சாதிச் சான்று ஆகிய மூன்று வழக்குகளிலும் இக்கேள்வியே நடுநாயகமாக நிற்கிறது. எனவே நமக்குக் குடும்ப வரலாறு என்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று; அது சாட்சியம் திரட்டும் பணி.

சட்டம் கல்லை நம்புகிறது

1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, இறந்துபோனவர்களின் கூற்றுகளை எப்போது ஏற்கலாம் என்று சொல்கிறது. அதன் 6-ஆம் உட்பிரிவு, இறந்தோரிடையே இருந்த இரத்த உறவு, மண உறவு, தத்து உறவு ஆகியவற்றை மெய்ப்பிக்க, உயில், குடும்பப் பத்திரம், வம்சாவளிப் பட்டியல், கல்லறைக் கல், குடும்பப் படம் ஆகியவற்றிலும், இத்தகைய செய்திகள் வழக்கமாகப் பொறிக்கப்படும் பிற பொருள்களிலும் உள்ள கூற்றுகளை ஏற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இதுவே 26-ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவாகத் தொடர்கிறது. அந்நாளுக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

கல்லறைக் கல் நாட்டும் வழக்கம் யாரிடம் இருந்தது என்பதைச் சட்டம் கேட்கவில்லை. நம் முன்னோரின் இடுகாடு ஏரிக்கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ இருந்தது. மண்மேடு ஒரு மழைக்காலம் நின்றது. அடுத்த மழைக்காலத்தில் கரைந்தது. ஆனால் சட்டம் கல்லோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'பிற பொருள்கள்' என்ற சொற்களில் நமக்கு இடம் இருக்கிறது.

அதற்கு முந்தைய 5-ஆம் உட்பிரிவு இன்னும் முக்கியமானது. உறவுமுறையை அறியத்தக்க தனி வாய்ப்புப் பெற்றிருந்த ஒருவர் சொன்னதை, அவர் இறந்த பின்னும் நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் இவ்விரண்டு உட்பிரிவுகளுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: தகராறு எழுவதற்கு முன்பே அக்கூற்று சொல்லப்பட்டிருக்கவோ பொறிக்கப்பட்டிருக்கவோ வேண்டும். நில அளவையர் சங்கிலியோடு வந்து நின்றபின் எழுதப்படும் வம்சாவளிக்கு மதிப்புக் குறைவு. நம்மிடம் வழக்குக்காக வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தோற்கின்றன. பாட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் இருந்தவரை யாரும் எழுதவில்லை.

தேடலை வீட்டிலிருந்து தொடங்குக

முதலில் குடும்பத்தின் மூத்தவர்களிடம் கேட்டு, நான்கு தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுத வேண்டும். பெயரோடு தகப்பன் பெயர், பெண்கள் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், புதைத்த இடம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். ஆண்டு தெரியாவிட்டால் பெரும்புயல், பெருவெள்ளம், போர்க்காலம் போன்ற அடையாளம் போதும். நாள் குறித்து, சொன்னவரின் கையொப்பமோ கைரேகையோ பெற்று, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். கைபேசிப் பதிவும் நல்லதே. ஆனால் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்கச் செய்யத் தனிச் சான்றிதழ் தேவைப்படுவதால், தாளும் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்து டிரங்குப் பெட்டி. பழைய திருமண அழைப்பிதழில் இரு வீட்டாரின் பாட்டன் பெயர் வரை இருக்கும். மொய் நோட்டில் உறவினர் பெயரும் ஊரும் வரிசையாக இருக்கும். தெருச் சுவரில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை நாம் சாதாரணமாகக் கடந்து போகிறோம். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தின் முழு வரைபடமே அதில் அச்சாகியிருக்கிறது. நாளிதழில் இரங்கல் விளம்பரம் கொடுக்கப் பணமில்லாத மக்களின் இரங்கல் குறிப்பு அதுதான். உறவுமுறை வழக்கமாகப் பொறிக்கப்படும் 'பிற பொருள்' என்ற வரையறைக்குள் அது வரும் என்று வாதிடலாம். மழை கிழிப்பதற்கு முன் ஒரு படி எடுத்து வையுங்கள். 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பத்திரம் உரியவர் பொறுப்பிலிருந்து வந்தால், அதை உண்மையெனக் கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. கரையான் அரித்த தாள் என்று எதையும் எறிந்துவிட வேண்டாம்.

அரசுப் பதிவேடுகளில் தேடும் முறை

திருவள்ளூர் மாவட்டம் உருவானது 1997-இல். அதற்கு முந்தைய ஆவணங்களில் இப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி வட்டமாகவே இருக்கும். இதை அறியாமல் விண்ணப்பிப்பவர்களுக்கு 'ஆவணம் இல்லை' என்ற பதிலே வரும். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, அவர்கள் வைத்திருந்த கணக்குகள் அரசின் பொறுப்புக்கு வந்தன. ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்பதோடு நில்லாமல் வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், மாவட்ட ஆவணக் காப்பறை, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகிய நான்கையும் நாட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சான்றிட்ட நகலே கேட்க வேண்டும். வெறும் தகவல் நீதிமன்றத்தில் நிற்காது.

பழைய பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. தகப்பன் பெயரும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கும். எனவே தகப்பன் பெயரையும் தோராயமான ஆண்டையும் கொண்டே தேட வேண்டும். இறப்புப் பதிவேடு பெயரையே தருவதால் அதுவே தொடங்குவதற்கு எளிது. தொழிலாளர் துறை 1920-களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காகத் தொடங்கிய பள்ளிகள், பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. அவற்றின் சேர்க்கைப் பதிவேடுகளில் தகப்பன் பெயரும் சாதியும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடி அலைய வேண்டாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அதன் தனிநபர் பதிவுகளைப் பார்வையிடவும் முடியாது. உரிமையியல் வழக்கில் சான்றாக்கவும் முடியாது.

ஒரு சிக்கலை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை சென்னை மாகாண அரசு 1922-இல் ஏற்றது. இதனால் பூட்டன் ஒரு பெயரிலும் பேரன் வேறொரு பெயரிலும் பதிவாகியிருப்பார்கள். பட்டியல் சாதியினர் பட்டியலில் இவ்விரு பெயர்களும் தனித்தனியே இருப்பதால், எதிர்த்தரப்பு இதை வேறு குடும்பம் என்று வாதிடும். பெயர், தகப்பன் பெயர், ஊர், காலம் ஆகிய நான்கும் பொருந்தினால் அவ்வாதத்தை முறியடிக்கலாம்.

சாதிச் சான்று வழக்குகளில் பழைய தாளின் எடை பெரிது. மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களுக்கு நெறிமுறை வகுத்தது. விடுதலைக்கு முந்தைய ஆவணங்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்பதை 2011-இல் அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பள்ளிக்கே அனுமதிக்கப்படாத ஓர் இருளர் குடும்பத்திடம் 1947-க்கு முந்தைய தாளை எதிர்பார்ப்பதன் அநீதியை நாம் தொடர்ந்து வாதிட வேண்டும். வாதிடும்போதே, கிடைக்கும் ஒரு தாளையும் விடாமல் தேடவும் வேண்டும்.

பஞ்சமி நிலம்: பாட்டன் பெயரில் இருந்த காணி

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து 1891-இல் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறை அரசாணை 1010 பிறந்தது. இவ்வாறு வழங்கப்பட்ட நிலங்களை முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு திரும்பப் பெறலாம். 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டி, செங்கற்பட்டில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். டிரமென்ஹீரின் அறிக்கை எழுந்த மாவட்டத்துக்குள்தான் அன்று பொன்னேரி வட்டமும் அடங்கியிருந்தது.

இந்நிலத்தைத் தேடுவோர் 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்குப் பிந்தைய கணினிச் சிட்டாவை மட்டும் நம்பக் கூடாது. பல இடங்களில் அம்மேம்பாட்டின்போது நிபந்தனைக் குறிப்பு விடுபட்டது. அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் நிலவரித் திட்டப் பதிவேட்டையும் பெற்று, குறிப்புக் கலத்தை வாசிக்க வேண்டும். அங்கே 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து இருந்தால் போதும். வழக்குக்கு அடித்தளம் கிடைத்துவிட்டது. ஆனால் நிலம் மீட்கப்பட்டாலும், அதற்கு உரியவரின் பேரன் தாம்தான் என்று நிறுவ வீட்டில் எழுதிய வம்சாவளியே துணை நிற்கும்.

கப்பலேறியவர்களுக்குத் தாள் உண்டு

நம் வரலாற்றின் பெரிய முரண் இது: ஊரிலேயே தங்கியவருக்கு ஆவணம் இல்லை, ஊரைவிட்டுப் போனவருக்கு உண்டு. 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளுடன் டர்பனை அடைந்தது. 1911 வரை நடாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியே சென்றவர்கள். ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடல் அடையாளம் ஆகியவை கப்பல் பட்டியலில் உண்டு. அவை குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் இணையத்தில் கிடைக்கின்றன. மொரீசியசுக்குச் சென்றோரின் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன.

குடும்பத்தில் 'அக்கரைக்குப் போனவர் திரும்பவில்லை' என்ற பேச்சு இருந்தால் இப்பட்டியல்களைத் தேடுங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். முனியன் மூனியன் ஆனான், குப்பன் கூப்பன் ஆனான். பலமுறை மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். கிடைக்கும் ஒரு வரி, போனவரின் தகப்பன் பெயரையும் சாதியையும் ஊரையும் சொல்கிறது. ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிக்கும் அதுவே விடுதலைக்கு முந்தைய ஆவணம். கூலியைக் கணக்கு வைக்க எழுதப்பட்ட தாள் கூலியின் கொள்ளுப்பேரனுக்குச் சாட்சியாகிறது.

ஆவணம் எதிராகத் திரும்பும் இடம்

கிறித்தவம் தழுவிய குடும்பங்கள் இத்தேடலில் கவனமாக இருக்க வேண்டும். திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகியவை பிற எந்த ஆவணத்தையும்விட ஒழுங்கானவை. ஆனால் 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணையின் 3-ஆம் பத்தி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரல்லாதாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதிச் சான்றை மறுத்தபோது, ஞானஸ்நானப் பதிவு அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றாயிற்று. மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியதற்காக ஒரு மருத்துவரின் சான்றை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஏற்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். சிலுவை பொறித்த கல்லறையைப் படமெடுத்து எதையும் நிறுவ முற்படுவதற்கு முன் வழக்கறிஞரிடம் கலந்து பேசுங்கள். உறவை மெய்ப்பிக்கும் கல்லே உரிமையைப் பறிக்கவும் கூடும். இது ஆணையின் அநீதி, கல்லின் குற்றமன்று.

இன்றே செய்ய வேண்டியது

இன்று நம் இடுகாடுகளிலும் சிமெண்டுச் சமாதிகளும் கருங்கல் பலகைகளும் எழுகின்றன. அவற்றில் 'தோற்றம் – மறைவு' நாள்களோடு தகப்பன் பெயரையும் பிறந்த ஊரையும் ஒரு வரி கூடுதலாகப் பொறித்துவிடுங்கள். கல் செதுக்கச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். இரண்டு தலைமுறைக்குப் பின் அதன் மதிப்பு தெரியும். ஊராட்சிப் பதிவேட்டில் இடுகாட்டின் புல எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் மனு கொடுங்கள். புல எண் இல்லாத இடுகாடு, நாளை வரைபடத்தில் காலி இடமாகவே தெரியும்.

பிறர் தம் தேவைக்காக எழுதிய பதிவேடுகளின் ஓரத்தில்தான் நம் முன்னோர் இருக்கிறார்கள். அவற்றைத் தேடி எடுப்பது பாதிப் பணி. மீதிப் பாதி, நம் மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எந்த வழக்கும் வாசலுக்கு வருவதற்கு முன்பே, நம் கையால் எழுதி வைப்பது. இந்த வாரம் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள்.