மானிப்பாய்க்கு மீண்ட கிறீன் குடும்பம்

கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸில் 1905-ஆம் ஆண்டு எழுந்த நூறு வீட்டு வரிசையை முதியோர் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பர். இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஊழியம் புரிந்தோரின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. இன்று அவ்வரிசை இல்லை. புதுக் கட்டடங்களுக்காக அது இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அவ்வீடுகளில் வாழ்ந்தவர்களுள் யாழ்ப்பாணத்துத் தமிழர் இத்துணைப் பேர் இருந்ததற்குக் காரணம் யாது என்னும் வினா மட்டும் இடிபடாமல் நிற்கின்றது.

1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றுப்பாலம் அமைந்து, பாதை கிள்ளான் நகரை எட்டியது. கணக்கு எழுதவும், தந்தி அடிக்கவும், நிலையங்களை நிருவகிக்கவும் ஆங்கிலம் அறிந்த ஆட்கள் வேண்டியிருந்தனர். அப்படிப்பட்டோர் யாழ்ப்பாணத்தில் ஆயத்தமாக இருந்தனர். கிராணியாராகவும், நிலைய அதிபராகவும், மருத்துவமனை டிரெசராகவும் அவர்கள் வந்து சேர்ந்தனர். ஸ்காட் சாலையில் 1902-இல் தோன்றிய கந்தசுவாமி கோயில் அவர்தம் நிலைபேற்றுக்குச் சான்று. சிறிய தீபகற்பம் ஒன்றில் இவ்வளவு ஆங்கிலக் கல்வி பரவியது எவ்வாறு என்று தேடிச் சென்றால், அது அமெரிக்கப் பாதிரிமாரின் பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய் விடும்.

அப்பாதிரிமாருள் ஒருவர் மட்டும் மற்றோர் திசையில் நடந்தார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழ் மருத்துவர்களைத் தமிழ்க் கிராமங்களிலேயே நிலைக்கச் செய்வதற்கு அவர் முயன்றார். அவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். ஒருமுறை உடல்நலம் கெட்டுத் தாயகம் திரும்பியவர், மனைவியுடன் மீண்டும் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அந்த மீள்வரவே அறிவியல் தமிழுக்கு ஒரு பெரும் வாய்ப்பாயிற்று.

அமெரிக்க மிசனும் யாழ்ப்பாணமும்

1810-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் வெளிநாட்டுச் சமயப் பணிக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. அதன் ஊழியர் 1816-இல் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையில் பணி தொடங்கினர். 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824-இல் உடுவில் பெண்கள் பள்ளியும் எழுந்தன. மானிப்பாயில் அச்சுக்கூடம் அமைந்தது. 1841-இல் 'உதயதாரகை' என்னும் பத்திரிகை வெளிவந்தது. 1842-இல் மானிப்பாய் அகராதி அச்சேறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857-இல் தேறிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. சமயம் பரப்புவதே இவர்களின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நோக்கத்தோடு கூடவே கல்வியும் அச்சும் மருத்துவமும் வந்தன.

கிறீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மாசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்னும் பண்ணை வீட்டில் பிறந்தார். 1845-இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் பாய்க்கப்பல் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு செப்டம்பரில் சென்னையை அடைந்தார். அக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். 1848-இல் மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் தொடங்கின.

இங்கே ஓர் ஒற்றுமை குறிக்கத்தக்கது. நல்லூர் ஆறுமுக நாவலர் பிறந்ததும் 1822-இலேதான். அவர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் 1848-இலேதான். ஒருவர் கிறித்துவ மருத்துவர். மற்றவர் கிறித்துவப் பிரசாரத்தை எதிர்த்து நின்ற சைவப் பெரியார். கொள்கையால் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். ஆயினும் பொதுமக்களுக்கு வேண்டிய அறிவைத் தமிழ் உரைநடையில் எழுதி அச்சிட்டு வழங்கவேண்டும் என்ற துணிவில் இருவரும் ஒருவரே. ஒரே ஆண்டில், சில கல் தொலைவில், இரு வேறு வாயில்கள் தமிழுக்குத் திறந்தன.

முதற் பத்தாண்டும் பிரிவும்

முதலில் கிறீன் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆனால் தமிழ்ப் பாடநூலின் தேவையைத் தொடக்கத்திலேயே உணர்ந்தார். கட்டர் என்பார் எழுதிய உடற்கூறு, சுகாதார நூல் தமிழாக்கப்பட்டது. பேறுகால மருத்துவம் பற்றிய மோன்செல் நூலும் தமிழில் வந்தது.

இதனிடையே மிசனின் கல்விக் கொள்கையில் பெரும் மாறுதல் நேர்ந்தது. 1854-55-இல் அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு தென்னிந்தியாவையும் யாழ்ப்பாணத்தையும் பார்வையிட்டது. ஆங்கிலக் கல்வி வேலை தேடுவோரையே உருவாக்குகின்றது, சமயப் பணிக்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்பது அக்குழுவின் கருத்து. அதன் பயனாக 1855-இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இம்முடிவு உவப்பாக இல்லை. தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மறுக்கப்படுவது, உயர்ந்த உத்தியோகத்தின் கதவு அடைக்கப்படுவது போன்றதே என அவர்கள் கருதினர். அவர்களின் முயற்சியாலேயே 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்தில் மீண்டும் தலையெடுத்தது.

பத்தாண்டு உழைப்பினால் கிறீனின் உடல் தளர்ந்தது. 1857-இல் அவர் தாயகம் புறப்பட்டார். அங்கே அவருக்குக் குறைவொன்றுமில்லை. குடும்பப் பண்ணை இருந்தது. அண்ணன் ஆண்டுரூ கிறீன் நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவராய் விளங்கி, பின்னர் விரிந்த நியூயார்க் மாநகரின் தந்தை எனப் போற்றப்பட்டவர். மருத்துவராக அங்கேயே அமர்ந்திருந்தால் கிறீனுக்கு நல்வாழ்வு நிச்சயம்.

மனைவியுடன் மீள்வரவு

1862-இல் கிறீன் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் மங்கையை மணந்தார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. அந்நிலையில் புதுமணத் தம்பதியர் கடல் கடந்து மானிப்பாய்க்கு வந்து இல்லறம் தொடங்கினர். ஒருமுறை நோயுற்று வெளியேறிய அதே வெயிலுக்கும், வாந்திபேதி அடிக்கடி தலைகாட்டிய அதே ஊருக்கும் குடும்பத்தோடு வருவதென்பது எளிய முடிவன்று.

இந்த இரண்டாம் வருகையின் பதினோர் ஆண்டுகளிலேதான் கிறீனின் எண்ணம் முழு உருப் பெற்றது. 1864-இல் அவர் மருத்துவ வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் பயின்றவர் சம்பளம் உள்ள இடத்தை நாடி ஊரை விட்டுப் போய்விடுகின்றனர். தமிழில் பயின்றவரோ தம் மக்களிடையே தங்குவர் என்பது அவருடைய கணிப்பு. தம் மாணவர் மேனாட்டு உடைக்கும் நடைக்கும் மயங்காமல், தமிழ் மரபிலேயே வாழவேண்டும் என்றும் அவர் விரும்பினார். அவரிடம் பயின்ற மருத்துவர்கள் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர். அவர்களுள் முப்பதுக்குமேற்பட்டோர் தமிழிலேயே பயின்றவர்கள்.

நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'இரணவைத்தியம்' 1867-இல் வெளிவந்தது. கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரிலும், ஹூப்பரின் மருத்துவக் கைந்நூல் 'வைத்தியாகரம்' என்னும் பெயரிலும் 1872-இல் அச்சாயின. 'கெமிஸ்தம்' 1875-இல் தோன்றியது. 1873-இல் கிறீன் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து விடைபெற்ற பின்னரும் பணி நிற்கவில்லை. கையெழுத்துப் படிகள் யாழ்ப்பாணத்துக்கும் வூஸ்டருக்கும் இடையே தபாலில் போய்வந்தன. டால்டனின் உடலியங்கு நூலாகிய 'மனுஷ சுகரணம்' 1883-இல் அவ்வாறே முடிந்தது. மொத்தம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இத்தனையும் ஒருவர் கைவேலையன்று. தமிழ் மாணவர் பலர் மொழிபெயர்த்து எழுத, கிறீன் ஒப்புநோக்கித் திருத்தினார். எனவே இந்நூல்களின் பெருமையில் பாதி அம்மாணவர்களைச் சேரும்.

கலைச்சொல் ஆக்கம்

இந்நூற்பெயர்களே அவர் கையாண்ட முறையைக் காட்டிவிடுகின்றன. வழக்கிலுள்ள சொல் கிடைத்த இடத்தில் அதை எடுத்துக்கொண்டார், இரணவைத்தியம் அத்தகையது. கிடையாத இடத்தில் வடமொழியை நாடினார். அங்காதிபாதம், சுகரணம் ஆகியவை அவ்வழி வந்தவை. அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயைய வளைத்துக்கொண்டார். கெமிஸ்தம் இதற்குச் சான்று. இன்று உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் என்று வழங்குவோர்க்கு அவர் சொற்கள் வியப்பாகவோ நகைப்பாகவோ தோன்றலாம். ஆனால் 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, வழிகாட்டுவார் எவருமின்றி இச்சொற்கள் பிறந்தன என்பதை மறத்தலாகாது. அவை வகுப்பறையில் பேசப்பட்டன; நோயாளியின் படுக்கையருகே பயன்பட்டன. பட்டியலில் மட்டும் வாழும் சொல்லினும் பயிற்சியில் வாழும் சொல்லே மேலானது.

நின்றதும் நிலைத்ததும்

அத்துணை உழைப்பும் ஏன் தொடரவில்லை? கிறீனுக்குப் பின் அவ்வேலையை அதே ஊக்கத்துடன் ஏற்று நடத்துவோர் அமையவில்லை. அரசாங்கம் 1870-இல் கொழும்பில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. அங்கே பயிற்றுமொழி ஆங்கிலம். அரசாங்கச் சம்பளமும் அங்கீகாரமும் அதன் பக்கமே சேர்ந்தன. மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வி சில ஆண்டுகளில் ஓய்ந்தது.

இதனோடு வேலூரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே மிசனின் ஊழியராய் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் 1820-இல் மருத்துவப் பணி தொடங்கியவர் டாக்டர் ஜான் ஸ்கடர். அவரும் தாயகம் சென்று மீண்டும் தமிழகம் திரும்பியவரே. அவர் பேர்த்தியாகிய ஐடா ஸ்கடர் இராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1900-இல் திரும்பி வந்தார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அது ஆங்கில வழியிலானது. அரசின் அங்கீகாரமும், தொடர்ந்து பொறுப்பேற்ற ஊழியர் வரிசையும் கிடைத்தமையால் அது பெருங்கல்லூரியாக இன்றும் நிலைத்துள்ளது. இரு முயற்சிகளிலும் தொண்டுள்ளம் ஒன்றே. ஒன்று நிலைத்ததற்கும் மற்றது நின்றதற்கும் காரணம் மொழியின் வலிமையோ வலியின்மையோ அன்று. கற்றவனுக்கு வாழ்வும் மதிப்பும் அளிக்கும் அமைப்பு இருந்ததும் இல்லாததுமே காரணம்.

மலேசியத் தமிழாசிரியர்க்கு இவ்வரலாறு பழங்கதையன்று. 2003-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அம்முடிவைக் கைவிடுவதாக 2009-இல் அரசாங்கம் அறிவித்தது. 2016-இல் வந்த இருமொழித் திட்டத்தால் அதே வினா தமிழ்ப்பள்ளிகளின் வாயிலில் மறுபடியும் நின்றது. பெற்றோருள் ஒருசாரார் ஆங்கிலத்தை விரும்பியதும், மற்றொருசாரார் தமிழை வற்புறுத்தியதும் யாவரும் அறிந்ததே. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டபோது வருந்திய யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் கவலையும், தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீனின் உறுதியும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மீண்டும் எதிர்ப்பட்டன எனலாம். பெற்றோரின் கவலையைப் பழித்தல் நன்றன்று. அக்கவலையின் விளைவாகக் கற்ற ஆங்கிலமே பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளை நிறைத்தது. பல குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. அதேபோல், தமிழில் அறிவியல் இயலாது என்று கூறுவோர்க்கு மானிப்பாயின் நாலாயிரம் பக்கங்கள் விடை பகரும். 1864-இல் அறுவை மருத்துவத்தையே தாங்கிய மொழி, தொடக்கப்பள்ளி அறிவியலைத் தாங்காது என்பது பொருந்துமோ? ஆயினும் மொழியால் இயலும் என்று காட்டிவிட்டால் மட்டும் போதாது. நல்ல நூலும், பயின்ற ஆசிரியரும், கற்றவர் உயர்வதற்கேற்ற வழியும் ஒருங்கே அமையவேண்டும். அவற்றுள் மூன்றாவது இல்லாமையால் கிறீனின் கனவு தடைப்பட்டது.

1884-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் கிறீன் தாம் பிறந்த வூஸ்டரில் காலமானார். அவர் விரும்பியவாறே, தமிழருக்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்னும் செய்தி அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கவிஞர் அம்பி 1967-இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலால் அவரைத் தமிழருக்கு மீண்டும் நினைவூட்டினார். பட்டமும் பதவியும் பல பெற்றிருக்கக்கூடிய ஒருவர், தம் வாழ்வின் அடையாளமாகத் தமிழரைச் சுட்டும் சொல்லையே கல்லில் விட்டுச் சென்றார். அவர் விட்டுச் சென்ற மற்றொன்று, முடிக்கப்படாத வேலை. அதை முடிக்கும் பொறுப்பு ஒவ்வொரு நாளும் அறிவியல் பாட வேளையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கையிலிருக்கும் சுண்ணாம்புக் கட்டியில் தொடங்குகின்றது.