திடீர் மன அழுத்தத்தின்போது உடலில் நிகழ்வது என்ன?

எதிர்பாராத துயரச் செய்தியைக் கேட்கும்போதோ, விபத்திலிருந்து நூலிழையில் தப்பும்போதோ இதயம் படபடக்கும்; உள்ளங்கை வியர்க்கும்; வாய் உலரும். இவை ஆபத்தை எதிர்கொள்வதற்காக உடல் செய்துகொள்ளும் இயல்பான ஆயத்தங்கள்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

மூளையிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி ஆபத்தை உணர்ந்து ஹைபோதலாமசுக்குத் தெரிவிக்கிறது. உடனே பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, மூச்சுக்குழாய்கள் விரிகின்றன, கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுவிக்கிறது, செரிமானம் மந்தமாகிறது. சில நிமிடங்களில் கார்ட்டிசால் அளவும் உயர்கிறது. ஆபத்து நீங்கியபின், எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் உடலைப் படிப்படியாக இயல்பு நிலைக்குக் கொண்டுவருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• அமர்ந்து, மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடுங்கள். இது இதயத் துடிப்பு தணிய உதவும்.
• இரத்த அழுத்தத்தை அப்போதே அளந்து அஞ்ச வேண்டாம். படபடப்பு தணிந்து, குறைந்தது 5 நிமிடங்கள் ஓய்வெடுத்தபின் அளவிடுங்கள்.
• நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நேரத்தில் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும். மருத்துவரின் ஆலோசனையின்றி மருந்தின் அளவை மாற்றாதீர்கள்.
• உறக்கமின்மையும் பதற்றமும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். அல்லது 14416 என்னும் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

உடனடிக் கவனம் தேவை

படபடப்பும் வியர்வையும் மாரடைப்பிலும் தோன்றும். அவற்றுடன் நெஞ்சுவலி, நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், “அதிர்ச்சியால் வந்தது, தானே சரியாகிவிடும்” எனக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். நோயாளியைத் தனியே விடாதீர்கள்.