மேடை யாருடைய உயரத்துக்கு?

சமையலறையில் கேபினட் மாற்றப் போகிறோம் என்று இங்கே அமெரிக்காவில் யாரிடம் சொன்னாலும், "கிரானைட்டா, குவார்ட்ஸா?" என்றுதான் கேட்கிறார்கள். மேடை எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டும் பயனில்லை. கடையில் கிடைக்கும் கீழ்ப்பெட்டி 34½ அங்குலம், மேலே கல்லை வைத்தால் 36. ஐந்தடி ஆளுக்கும் அதுதான், ஆறடி ஆளுக்கும் அதுதான். ஊரிலிருந்து வரும் நம் அம்மாக்கள் தோளைத் தூக்கிக்கொண்டு காய் நறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். "இது மேடையா, மதிலா?" என்றார் என் அம்மா!

சுவரோடு சேர்ந்த அலமாரி, இடைவெளியில்லாத மேடை என்ற இந்த அமைப்புக்கு முன்னோடி 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் உருவானது. நகராட்சி கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைந்தது. ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறைதான் அவருக்கு மாதிரி. ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்தில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். அதை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார் :-)

அமெரிக்காவில் அதே காலத்தில் லில்லியன் கில்பிரெத் என்ற பொறியாளர், மேடையின் உயரம் அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றார். ஆனால் தொழிற்சாலைக்கு ஒரே அளவுதான் வசதி. அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம் எல்லாம் அந்த அளவுக்கே வந்துவிட்டன.

நம்ம ஊர்க் கதை வேறு. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பழைய அடுக்களையில் அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை எல்லாம் தரையில்தான். பல வீடுகளில் அடுப்பும் தரையில். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மேடை எதற்கு?

எழ வைத்ததில் பெரிய பங்கு கேஸுக்கு. இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது 1965-ல், கொல்கத்தாவில். சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதனால் கீழே சிலிண்டர், மேலே கடப்பாக்கல் பலகை. வாளையாறு தாண்டினால் கோயம்புத்தூர். 1955-ல் அங்கே பிறந்த கிரைண்டர், பிறகு சின்னதாகி மேடைமேல் ஏறியது.

கேஸ் எட்டாத வீடுகளுக்கு 1980-களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஒரு அடுப்பு கொண்டுவந்தது. ஊரில் "பரிஷத் அடுப்பு" என்பார்கள். புகை குழாய் வழியாக வெளியே போகும், விறகும் குறையும். 1987-ல் அந்த அமைப்பு தொடங்கிய கிராமியத் தொழில்நுட்ப மையம் பாலக்காட்டை அடுத்த முண்டூரில் இருக்கிறது. சமைப்பவரின் கண்ணையும் நுரையீரலையும் கணக்கில் எடுத்த வேலை அது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

சரி, நாம் என்ன செய்யலாம்? சமைப்பவரை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை. ஐந்தடி உயரமானவருக்கு 32-34 அங்குலம் வரும். வழக்கமான பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மேல் 36-ஐ அதிகம் குறைக்க முடியாது. நறுக்கும் இடத்தை மட்டும் மூன்றடி நீளத்துக்குத் தனியாகத் தாழ்த்தலாம். நான் அப்படித்தான் 33-ல் வைத்தேன்.

இப்படி அளந்து யோசிக்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும். இதே கேரளாவில், இடுக்கி மாவட்டத்தின் மூணாறுத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சுவரே சொந்தமில்லை. லயம் என்ற வரிசை வீடு கம்பெனியுடையது. ஒரு அறை, ஒரு சின்ன அடுக்களை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீட்டை விடக்கூடாது என்பதற்காகவே பிள்ளைகளும் கொழுந்து பறிக்கப் போகும் குடும்பங்கள் உண்டு. 2015-ல் 20% போனஸ் கேட்டு "பெண்பிள்ளை ஒற்றுமை" என்று தெருவில் உட்கார்ந்தவர்கள் இந்த அடுக்களைகளிலிருந்து வந்த பெண்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள்.

கல்லின் நிறத்துக்கு நாம் மூன்று வாரம் அலைகிறோம். அலையலாம், தப்பில்லை. அந்த வீடுகளையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டு அலையலாம்.

உங்கள் வீட்டு மேடை எத்தனை அங்குலம்? அது யாருக்குச் சரியாக இருக்கிறது? அளந்து சொல்லுங்களேன்.