யதார்த்த நாவலும் எல்லாமறிந்த கதைகூறுவோரும்

பிறர் மனத்துள் எவரும் புகுந்து பார்த்தல் இயலாது. ஆயினும், வாழ்க்கையை உள்ளவாறே காட்ட முயன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நாவல்களுட் பல, எல்லார் மனத்தினுள்ளும் தடையின்றிப் புகுந்து மீளும் ஒரு குரலினாலேயே கூறப்பட்டன. வாழ்க்கையில் எங்குமில்லாத இக்குரல் மெய்ம்மையுணர்வை எவ்வாறு தோற்றுவித்தது என்பது ஆராய்தற்குரியது.

இக்குரலைக் கடவுளின் அறிவோடு ஒப்பிடுதல் திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. வரலாற்று நோக்கில் இவ்வொப்பீடு முற்றும் பொருந்துவதன்று. நாவலாசிரியர் பலர் தமக்கு முன்மாதிரியாகக் கொண்டது வரலாற்றாசிரியனையே. 1749இல் வெளிவந்த பீல்டிங்கின் 'ரொம் ஜோன்ஸ்' தலைப்பிலேயே தன்னை வரலாறு என அழைத்துக்கொண்டது. ஸ்கொற்றின் 'வேவர்லி' (1814) 1745ஆம் ஆண்டின் கிளர்ச்சியைத் திரும்பிப் பார்த்தது. பால்சாக் 1842இல் தம் நாவற்றொகுதிக்கு எழுதிய முன்னுரையில், பிரெஞ்சுச் சமூகமே வரலாற்றாசிரியன் என்றும் தாம் அதன் செயலாளராக மட்டும் அமைய எண்ணியதாகவும் குறிப்பிட்டார். நடந்து முடிந்ததைப் பின்னின்று கூறுபவனுக்கு விளைவு தெரிந்திருத்தல் வியப்பன்று.

ஜோர்ஜ் எலியற்றின் 'மிடில்மார்ச்' (1871-72) இத்தகைய நாவல்களுள் தலையாயது. கதை நிகழ்வது 1829க்கும் 1832க்கும் இடைப்பட்ட காலம். தேர்தற் சீர்திருத்தச் சட்டம், புகையிரதப் பாதை, கொலரா நோய் ஆகியவை ஒரு சிறு நகரத்தை அலைக்கழித்த காலம். ஆசிரியை மருத்துவ வரலாற்றையும் அரசியல் நிகழ்ச்சிகளின் திகதிகளையும் குறிப்பேடொன்றில் தொகுத்துக்கொண்டே எழுதினார். பணக் கணக்கிலும் அதே கண்டிப்புக் காணப்படுகிறது. பிரெட் வின்சி பட்ட கடன் 160 பவுண். அவன் கையிலிருந்தது 50. எஞ்சிய 110 பவுணில் 92ஐ, மகனின் தொழிற்பயிற்சிக்கெனச் சேர்த்துவைத்த பணத்திலிருந்து திருமதி கார்த் கொடுக்கிறார். 18ஐ மகள் மேரி தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறாள். இவ்வாறு சில்லறை பிசகாது கணக்குச் சொல்லும் குரல், அடுத்த வரியில் ஒருவரது உள்ளத்தைப் பற்றிக் கூறும்போதும் வாசகர் அதனை நம்பிவிடுகின்றனர்.

எனினும் நுணுக்கமான தகவல்கள் மட்டுமே மெய்ம்மையுணர்வைத் தந்துவிடா. எல்லாமறிந்த குரலின் உண்மையான பணி, கதைமாந்தர் ஒவ்வொருவரும் எவ்வளவு குறைவாக அறிந்துள்ளனர் என்பதைக் காட்டுவதே. வங்கியாளர் புல்ஸ்ட்றோட்டின் பழைய இரகசியத்தை அறிந்த றாபிள்ஸ், அவர் வீட்டிலேயே நோயுற்றுக் கிடக்கிறான். மதுவை விலக்குமாறும் அபினை அளவோடு நிறுத்துமாறும் மருத்துவர் லிட்கேற் பணிக்கிறார். புல்ஸ்ட்றோட், அபினை எப்போது நிறுத்துவது என்பதை வேலைக்காரிக்குச் சொல்லாது விடுகிறார். அவள் பிராந்தி கேட்டபோது, தயங்கிப் பின் சாவியைக் கொடுக்கிறார். றாபிள்ஸ் இறக்கிறான். லிட்கேற்றோ சற்று முன்னர்தான் அவரிடம் 1000 பவுண் கடன் பெற்றிருந்தார். கைக்கூலி என்று ஊர் முடிவுகட்டுகிறது.

ஊருக்குத் தெரிந்தது வங்கியாளரின் பழைய வாழ்வும் பணம் கைமாறிய செய்தியும் மட்டுமே; சாவி கைமாறிய அந்தக் கணம் ஊருக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரியும். புல்ஸ்ட்றோட்டைப் பற்றி ஊர் ஓரளவு சரியாகவும் லிட்கேற்றைப் பற்றிப் பிழையாகவும் ஊகித்தது என்பதை வாசகரால் மட்டுமே அளந்தறிய முடிகிறது. அதேவேளை லிட்கேற், பணம் பெறாதிருந்தால் மரணத்தைக் குறித்துத் தாம் இன்னும் கூர்மையாக விசாரித்திருப்போமோ என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். அக்கால மருத்துவர் பலர் இத்தகைய நோயாளிக்கு மதுவையும் அபினையும் தாராளமாகவே கொடுத்திருப்பர் என்பதையும் நாவல் மறைக்கவில்லை. எல்லாமறிந்த குரல் உள்நோக்கத்தை ஐயந்திரிபறக் கூறுகிறது. மரணத்தின் காரணத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்கவில்லை. நீதிமன்றமும் வதந்தியும் எட்டமுடியாத ஓர் உண்மை உண்டு என்ற உணர்வு இவ்விடத்திலேயே பிறக்கிறது.

இக்குரல் தீர்ப்பளிக்காது ஒதுங்கியமை பிரான்சில் வழக்குமன்றம்வரை சென்றது. புளோபேரின் 'மதாம் பொவாரி' மீது 1857இல் நடந்த வழக்கில், எம்மாவைக் கண்டிப்பதற்கு நூலில் ஒருவர்தானும் இல்லை என்பது அரச வழக்குரைஞரின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. எம்மாவின் மனவெழுச்சிகளை அவளது சொற்களிலேயே, ஆனால் படர்க்கையில், புளோபேர் எழுதியிருந்தார். அவை யாருடைய சொற்கள் என்ற ஐயமே வழக்கின் உட்கிடை. புளோபேர் விடுதலை பெற்றார். எனினும், கதைகூறுவோரின் குரலை ஒழுக்கத்தின் காவலாக எதிர்பார்த்த ஒரு சமூகத்தின் திகைப்பை அவ்வழக்குப் புலப்படுத்திற்று.

1884இல் ஹென்றி ஜேம்ஸ், தம் கதை வெறும் கற்பனையே என்று ட்றொலப் வாசகரிடம் இடையிடையே ஒப்புக்கொண்டதைக் கடுமையாகச் சாடினார். நாவலாசிரியன் வரலாற்றாசிரியனுக்குக் குறையாத பொறுப்புடையவன் என்பது அவர் வாதம். பிற்காலத்தில் ஒரே பாத்திரத்தின் நோக்குக்குள் கதையை ஒடுக்கும் முறையை வளர்த்தவரும் அவரே. இக்கண்டனம் எலியற்றைத் தீண்டாது. கதையை நிறுத்தி வாசகரோடு உரையாடுபவர்தாம் அவரும். ஆனால் 'ஆடம் பீட்' (1859) நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில், முதுமையடைந்த ஆடமோடு பேசி அறிந்ததாகவே கதைகூறுவோர் சில செய்திகளைக் கூறுகிறார். சாட்சி இருக்கிறார் என்பது பொருள். அதே நாவலில், சாகத் துணிந்து குளக்கரைக்கு வந்த ஹெற்றி, இருளில் ஒரு கொட்டிலுள் ஒதுங்கி, இன்னும் உயிரோடிருக்கும் மகிழ்ச்சியில் தன் கைகளையே முத்தமிடுகிறாள். அருகில் எவருமில்லை. ஆடம் அதனை அறிந்திருக்க வழியேயில்லை. வாசிப்பவர் எவரும் அவ்விடத்தில் சாட்சியைத் தேடுவதுமில்லை.