நடைத்திறன் அளவீடு (கீழ்முதுகு அறுவை சிகிச்சை)

கீழ்முதுகில் தண்டுவடக் கால்வாய் குறுகி நரம்புகள் நெருக்கப்பட்டால், கொஞ்ச தூரம் நடந்ததுமே கால் மரத்துக் கனக்கும், உட்கார்ந்தால் தணியும். நெதர்லாந்து மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954-இல் இதை விவரித்தார். அறுவையின் பலனை அறிய, முன்னும் பின்னும் ஒரே சோதனையை நடத்துவார்கள். ஆறு நிமிடச் சோதனையில், வழக்கமாக 30 மீட்டர் நடைபாதையில் போய்வந்த தூரம் கணக்காகும். 1991-இல் வெளியான இன்னொன்றில், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரும் விநாடிகள் குறிக்கப்படும். இந்நோய்க்கு அது மட்டும் போதாது. அந்தச் சில அடிகளில் பலருக்குக் கால்வலி தலைகாட்டாது. வலி நிறுத்தும்வரை அவரவர் வேகத்தில் நடக்கவிட்டு அளப்பதே அன்றாட வாழ்வுக்கு நெருக்கமானது. அப்போது தள்ளுவண்டியைப் பிடிக்க விடக்கூடாது: முன்குனிந்தால் கால்வாய் சற்று விரிந்து, தூரம் கூடிவிடும்.